வீட்டு முகவரியா, பெற்றோர் விருப்பமா?

2011 ஜனவரியில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ஒரு கறுப்பினத் தாய் சிறைக்குப் போனார். தன் இரண்டு மகள்களையும் பக்கத்துப் பள்ளி மாவட்டத்தில் சேர்த்ததுதான் அவர் செய்த குற்றம். அவர் குடியிருந்தது ஆக்ரன் நகரில், அரசு உதவி பெற்ற குடியிருப்பில். பள்ளியில் கொடுத்ததோ புறநகரில் இருந்த தன் தந்தையின் வீட்டு முகவரி. பள்ளி மாவட்டம் தனியார் துப்பறிவாளரை அமர்த்தி அவரைப் பின்தொடரவிட்டது. பிள்ளைகள் படித்த காலத்துக்கான கட்டணம் என்று சுமார் 30,000 டாலர் கேட்டது. ஆவண மோசடி வழக்கில் நீதிமன்றம் அவருக்குப் பத்து நாள் சிறை விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு மாநில ஆளுநர் தலையிட்டுக் குற்றத்தின் தரத்தைக் குறைத்தார்.

அமெரிக்காவில் அரசுப் பள்ளிப் படிப்பு இலவசம். ஆனால் எந்த அரசுப் பள்ளி என்பதைப் பெரும்பாலும் வீட்டு முகவரியே முடிவு செய்கிறது. நாட்டில் 13,000க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. பள்ளிச் செலவில் கிட்டத்தட்டப் பாதி உள்ளூரிலேயே திரட்டப்படுகிறது. அதில் பெரும்பகுதி சொத்து வரி. பல மாநிலங்கள் ஏழை மாவட்டங்களுக்குக் கூடுதல் மானியம் கொடுத்துச் சரிக்கட்டப் பார்க்கின்றன. எல்லைக்கோடுகள் மட்டும் அசையவில்லை. மாவட்டத்துக்கு மாவட்டம் சமமான பள்ளி நிதி கேட்பது அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை ஆகாது என்று, டெக்சாஸின் சான் அன்டோனியோ வழக்கில் 1973-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைக்கும் திட்டத்துக்குள் டெட்ராய்ட்டின் புறநகர் மாவட்டங்களை இழுக்க முடியாது என்று மறு ஆண்டே, அதே ஐந்துக்கு நான்கில், இன்னொரு தீர்ப்பு வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்கள் இந்தப் பக்கமே படிக்க வேண்டும் என்பதற்கு இவ்விரண்டும் சட்டக் காப்பாக அமைந்தன.

வசதியுள்ளவர்களுக்கு இதனால் ஒரு சங்கடமும் இல்லை. வீடு பார்க்கும்போதே பள்ளியையும் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நல்ல பள்ளியின் விலை வீட்டு விலையில் சேர்ந்துவிடுகிறது. அது பிடிக்காவிட்டால் தனியார் பள்ளி இருக்கிறது. ஆக, பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அமெரிக்கப் பெற்றோருக்கு என்றைக்கும் இருந்து வந்திருக்கிறது, கையில் காசு இருந்தால். அது இல்லாத பெற்றோருக்கும் அந்த வாய்ப்பைக் கொடுப்பது நியாயம். அதற்காக இதுவரை முயன்ற வழிகளில் சோதனையில் தேறி நிற்பது, கட்டணம் வாங்காமல், குலுக்கல் முறையில் சேர்த்து, அரசின் கடுமையான கண்காணிப்பில் நடக்கும் சார்ட்டர் பள்ளி. அப்படிப்பட்ட பள்ளிகள் பெருகுவதைத் தடுக்கும் உச்சவரம்பைத் தளர்த்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இதற்குச் சான்று தரும் நகரம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன்.

இரண்டு மூலங்கள்

பள்ளித் தேர்வு என்ற கோரிக்கைக்கு இரண்டு மூலங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி விவாதங்கள் வெறும் கூச்சலாக முடிகின்றன.

முதலாவது, பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-ல் எழுதிய கட்டுரை. பள்ளிகளை அரசே நடத்த வேண்டியதில்லை. பணத்தை வவுச்சராகப் பெற்றோரிடம் கொடுத்தால், அவர்கள் விரும்பும் பள்ளியில் அதைச் செலுத்திக்கொள்வார்கள் என்றார் அவர். இந்த யோசனையின் தொடக்ககால வரலாறு கறைபடிந்தது. பள்ளிகளில் இனப் பாகுபாடு செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, தென்மாநிலங்கள் சில அந்தத் தீர்ப்பிலிருந்து தப்பிக்கப் பெற்றோருக்கான படிப்பு மானியத்தைக் கையில் எடுத்தன. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடியது. வெள்ளையினப் பிள்ளைகள் மானியத்தோடு தனியார் பள்ளிக்குப் போனார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் பலர் ஐந்து ஆண்டுகள் பள்ளி வாசலையே மிதிக்கவில்லை. பள்ளித் தேர்வு என்றதும் கறுப்பினத் தலைவர்கள் பலர் இன்றும் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஆனால் 1990-ல் விஸ்கான்சின் மாநிலம் மில்வாக்கியில், அதே வவுச்சரை ஒரு கறுப்பினப் பெண்மணியே சட்டமாக்கினார். ஜனநாயகக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் பாலி வில்லியம்ஸ், குடியரசுக் கட்சி ஆளுநர் டாமி தாம்ப்சனோடு கைகோத்து, ஏழைக் குடும்பங்களுக்கு மட்டுமான திட்டத்தை நிறைவேற்றினார். முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். பின்னாளில் வருமான வரம்பைத் தளர்த்தி வசதியானவர்களுக்கும் வவுச்சர் கொடுக்கக் கிளம்பியபோது, அதே பாலி வில்லியம்ஸ் அதை வெளிப்படையாக எதிர்த்தார். யாருக்காகத் தொடங்கிய திட்டம் என்பதை அவர் மறக்கவில்லை.

இரண்டாவது மூலம் ஆசிரியர் உலகத்திலிருந்து வந்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே பட், ஆசிரியர் குழுக்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் கொடுத்துப் புதிய முறைகளைச் சோதிக்க விடலாம் என்று எழுதினார். அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் 1988-ல் அந்த யோசனையைத் தேசிய மேடைக்குக் கொண்டுவந்தார். இன்று சார்ட்டர் பள்ளிகளுக்கு மிகப் பெரிய எதிரிகளாக நிற்பவை ஆசிரியர் சங்கங்கள். யோசனைக்குச் சிறகு கொடுத்தவரோ சங்கத் தலைவர். இலாப நோக்கு நிறுவனங்கள் உள்ளே நுழைவதைப் பார்த்துச் சில ஆண்டுகளிலேயே ஷாங்கர் ஒதுங்கிக்கொண்டார். 1991-ல் மினசோட்டா முதல் சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டு செயின்ட் பால் நகரில் சிட்டி அகாடமி திறந்தது. இன்று நாடெங்கும் சுமார் 8,000 சார்ட்டர் பள்ளிகளில் 37 லட்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

நம் வாசகருக்கு அரசு உதவி பெறும் பள்ளி நினைவுக்கு வரலாம். அரசுப் பணம், தனி நிர்வாகம் என்ற அளவில் ஒற்றுமை உண்டு. மற்றபடி இரண்டும் வேறு. உதவி பெறும் பள்ளியில், அனுமதித்த பணியிடங்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. சார்ட்டர் பள்ளிக்கு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று பணம் வருகிறது. மாணவர் விலகினால் பணமும் விலகும். கட்டணம் வாங்கக் கூடாது. நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல்தான். சமயச் சார்பும் கூடாது: ஓக்லஹோமாவில் ஒரு கத்தோலிக்க சார்ட்டர் பள்ளியைத் தொடங்க நடந்த முயற்சியை மாநில உச்ச நீதிமன்றம் தடுத்தது, 2025 மே மாதம் நாட்டின் உச்ச நீதிமன்றம் நான்குக்கு நான்கு எனப் பிரிந்ததால் அந்தத் தடை நிலைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு உண்டு. மாசசூசெட்ஸில் அது ஐந்து ஆண்டு. தேறாவிட்டால் பள்ளி மூடப்படும்.

குலுக்கல் தந்த சான்று

சார்ட்டர் பள்ளிப் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்கினால் உடனே ஒரு கேள்வி எழும். அக்கறையுள்ள பெற்றோர்தானே விண்ணப்பம் போடுகிறார்கள்? அவர்கள் பிள்ளை எங்கே படித்தாலும் நன்றாகத்தானே படிக்கும்? நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்ல வழி செய்தது குலுக்கல்தான்.

பாஸ்டனில் ஒரு சார்ட்டர் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடம் கேட்டு நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே அங்கே படிப்பவரின் தம்பி, தங்கைக்கு முன்னுரிமை. மீதி இடங்களுக்குப் பொதுவில் குலுக்கல். முதலில் வரும் எண்களுக்கு இடம்; மற்றவை வரிசைப்படி காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும். பட்டியலின் அடியில் இருக்கும் குழந்தை வழக்கமான மாவட்டப் பள்ளிக்குத் திரும்புகிறது. இடம் கிடைத்த குழந்தையின் பெற்றோருக்கும் கிடைக்காத குழந்தையின் பெற்றோருக்கும் அக்கறையில் வேறுபாடு இல்லை, இருவருமே விண்ணப்பித்தவர்கள். பிரித்தது அதிர்ஷ்டம் ஒன்றுதான். ஆகவே இரண்டு குழுக்களையும் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து ஒப்பிட்டால், தெரியும் வித்தியாசம் பள்ளியால் வந்ததாகவே இருக்கும். புதிய மருந்தைச் சோதிக்கும் முறையும் இதுவே.

பராக் பதக், ஜோஷுவா ஆங்ரிஸ்ட் முதலிய பொருளியலாளர்கள் பாஸ்டனின் குலுக்கல் பதிவேடுகளைக் கொண்டு இந்த ஆய்வைச் செய்து 2011-ல் வெளியிட்டார்கள். ஆங்ரிஸ்ட் 2021-ல் நோபல் பரிசு பெற்றவர். இடைநிலை வகுப்புகளில், சார்ட்டர் பள்ளியில் படித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் கணிதத்தில் 0.3 திட்ட விலக்கத்துக்கு மேல் முன்னேற்றம் தெரிந்தது. ஆங்கிலத்தில் அதைவிடக் குறைவு, ஆனாலும் தெளிவான முன்னேற்றம். கல்வி ஆய்வில் ஓராண்டில் இவ்வளவு மாற்றம் அபூர்வம். கறுப்பின, வெள்ளையின மாணவர்களுக்கிடையே உள்ள மதிப்பெண் இடைவெளியைச் சில ஆண்டுகளில் பெருமளவு அடைக்கக்கூடிய வேகம் அது. பிறகு வந்த ஆய்வுகள் மேல்நிலைப் பள்ளியையும் பார்த்தன. கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வில் மதிப்பெண் உயர்ந்தது. இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போகக்கூடியவர்கள் நான்காண்டுக் கல்லூரிக்குப் போனார்கள்.

குலுக்கல் ஆய்விலும் ஓர் ஓட்டை உண்டு. விண்ணப்பித்தவர்களைப் பற்றித்தான் அது பேசும். விண்ணப்பிக்கவே தோன்றாத குடும்பங்களைப் பற்றிச் சொல்லாது. தெற்கு பாஸ்டனில் கேவின் நடுநிலைப் பள்ளி என்ற பின்தங்கிய மாவட்டப் பள்ளியை 2011-ல் யூபி அகாடமி என்ற சார்ட்டர் அமைப்பு ஏற்றது. அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தானாகவே இடம் உண்டு. அவர்களின் பெற்றோர் எதையும் தேடிப் போகவில்லை. அந்தப் பிள்ளைகளும் அதே போல முன்னேறினார்கள். கிறிஸ்டோபர் வால்டர்ஸ் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: பாஸ்டனில் சார்ட்டர் பள்ளியால் அதிகப் பயன் அடையக்கூடியவர்கள், விண்ணப்பிக்கும் வாய்ப்பு குறைந்த ஏழை, பின்தங்கிய மாணவர்களே. கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுப்பதால் வந்த வெற்றி என்ற வாதம் இங்கே நிற்கவில்லை.

2010-ல் மாசசூசெட்ஸ் சட்டம் மாறியது. மிகவும் பின்தங்கிய மாவட்டங்களில் பள்ளிச் செலவில் 9 சதவீதம் வரைதான் சார்ட்டர்களுக்குப் போகலாம் என்றிருந்த வரம்பு, படிப்படியாக 18 சதவீதத்துக்கு உயர்ந்தது. புதிய இடங்களுக்கு, ஏற்கெனவே நன்றாக நடத்திக் காட்டியவர்களே விண்ணப்பிக்கலாம் என்று நிபந்தனை வைத்தார்கள். பொதுவாக, சிறிதாக இருக்கும்போது சிறப்பாக நடக்கும் திட்டம் பெரிதாகும்போது நீர்த்துப்போகும். பாஸ்டனில் அப்படி நடக்கவில்லை. புதிதாகத் திறந்த கிளைப் பள்ளிகளும் தாய்ப் பள்ளிகளுக்கு நிகரான பலனைத் தந்ததாக, சாரா கொஹோட்ஸ், எலிசபெத் செட்ரன், வால்டர்ஸ் ஆகியோரின் ஆய்வு காட்டியது. விரிவாக்கத்துக்கு இதைவிட நேரடியான ஆதாரம் வேறு தேவையில்லை.

வகுப்பறையில் என்ன நடக்கிறது

இந்தப் பள்ளிகளில் மந்திரம் ஒன்றும் இல்லை. பள்ளி நேரம் நீளமானது. சில பள்ளிகளில் சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. பாடம் நடக்கும்போது அனுபவசாலி ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்து, அன்றைக்கே ஆசிரியரோடு பேசுவார். சிறு தேர்வுகளை அடிக்கடி வைத்து, எந்தக் கணக்கு யாருக்குப் புரியவில்லை என்று பார்ப்பார்கள். 2000-ல் தொடங்கிய மேட்ச் பள்ளி, அப்போதுதான் பட்டப்படிப்பு முடித்த இளைஞர்களைத் தனிப்பயிற்சியாளர்களாக அமர்த்தியது. ஒவ்வொருவர் பொறுப்பிலும் ஒருசில மாணவர்கள்தான். தனிப்பயிற்சி பள்ளி நேரத்துக்குள்ளேயே, நாள்தோறும் நடக்கும். பிள்ளை வராவிட்டால் வீட்டுக்குத் தொலைபேசி போகும்.

இவை சார்ட்டர் பள்ளிக்கு மட்டும் சொந்தமல்ல என்பதற்கும் சான்று உண்டு. ஹார்வர்டின் ரோலண்ட் ஃப்ரையர் 2010-ல் இதே நடைமுறைகளை ஹூஸ்டன் நகரின் பின்தங்கிய மாவட்டப் பள்ளிகளில் புகுத்திப் பார்த்தார். கணிதத்தில் நல்ல முன்னேற்றம் கிடைத்தது. வாசிப்பில் பெரிய மாற்றமில்லை. அப்படியானால் சார்ட்டர் எதற்கு, மாவட்டப் பள்ளிகளே இதைச் செய்யலாமே என்று கேட்கலாம். செய்தால் மகிழ்ச்சியே. ஆனால் நேரத்தை நீட்டவும், ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கவும், பணத்தை வேறு தலைப்புக்கு மாற்றவும் ஒரு மாவட்டப் பள்ளியின் தலைமையாசிரியர் எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சார்ட்டர் அந்தக் கதவுகளைத் திறந்துவைக்கிறது. பதிலுக்கு விளைவைக் கேட்கிறது.

எதிர்வாதங்களை எடைபோட்டால்

மாவட்டப் பள்ளிகளின் பணத்தை சார்ட்டர் உறிஞ்சுகிறது என்பது மிக வலுவான எதிர்வாதம். ஒரு பள்ளியிலிருந்து முப்பது பிள்ளைகள் போனால் முப்பது பேரின் பணம் போகும். கட்டடச் செலவும் பேருந்துச் செலவும் ஓய்வூதியமும் அதே விகிதத்தில் குறையாது. இதை மறுக்க முடியாது. அதனால்தான் மாசசூசெட்ஸ் இழப்பீடு கொடுக்கிறது. 2019-ல் வந்த சட்டப்படி, சார்ட்டருக்குப் போகும் தொகை கூடும்போது, அந்தக் கூடுதலில் முதல் ஆண்டு முழுவதையும், இரண்டாம் ஆண்டு 60 சதவீதத்தையும், மூன்றாம் ஆண்டு 40 சதவீதத்தையும் மாநிலம் மாவட்டத்துக்குத் திருப்பித்தர வேண்டும். 2011-க்குப் பிந்தைய விரிவாக்கத்தை ஆராய்ந்த மேத்யூ ரிட்லியும் கமில் டெரியரும், மாவட்டப் பள்ளிகளில் மாணவர் தலைக்கான செலவு கூடியதையும், அது கற்பித்தல் பக்கம் நகர்ந்ததையும், அங்கே தங்கிய மாணவர்களின் கணித மதிப்பெண் சற்றே உயர்ந்ததையும் கண்டார்கள். இழப்பீடு ஒழுங்காக வந்தால் மாவட்டப் பள்ளி மூழ்காது. வராத மாநிலத்தில் இந்த எதிர்வாதம் முழு வலுவோடு நிற்கும்.

அடுத்தது ஒழுக்க விதிகள். சிறு தவறுக்கும் தண்டனை, வரிசையில் பேசினால் கண்டிப்பு, அடிக்கடி இடைநீக்கம் என்று ஒரு பாணி இந்தப் பள்ளிகள் பலவற்றில் பரவியிருந்தது. நியூயார்க்கின் பெரிய சார்ட்டர் அமைப்பான சக்சஸ் அகாடமியின் புரூக்ளின் கிளை ஒன்றில், வெளியேற வேண்டிய பிள்ளைகள் என்று தலைமையாசிரியர் ஒரு பட்டியலே வைத்திருந்ததை 2015-ல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. குலுக்கலில் சேர்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக அனுப்பினால், குலுக்கலுக்கு அர்த்தமே இல்லை. கிப் என்ற நாடளாவிய அமைப்பு, கடுமையாக உழை, நல்லபடி நட என்ற தன் பழைய முழக்கத்தை 2020-ல் கைவிட்டது. கறுப்பினப் பிள்ளைகளை அடக்கியாளும் தொனி அதில் இருப்பதாக எழுந்த விமர்சனமே காரணம். இந்த விமர்சனங்கள் சரி. அவற்றுக்கு மருந்து, இடைநீக்கக் கணக்கையும் இடையில் விலகியவர்கள் கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிடச் செய்து, ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதையும் எடைபோடுவது.

மாற்றுத்திறன் மாணவர்களையும் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களையும் சார்ட்டர்கள் தட்டிக்கழிக்கின்றன என்ற குற்றச்சாட்டும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் பாஸ்டனில் அவர்களின் பங்கு குறைவாகவே இருந்தது. 2010 சட்டம் ஒவ்வொரு சார்ட்டரும் அவர்களைச் சேர்க்கவும் தக்கவைக்கவும் திட்டம் தர வேண்டும் என்றது. விண்ணப்பங்களின் முகம் மாறியது. பாஸ்டன் குலுக்கல்களை ஆராய்ந்த செட்ரன், இவ்விரு பிரிவு மாணவர்களின் மதிப்பெண்ணும் சார்ட்டரில் உயர்ந்ததைக் காட்டினார். சட்டம் வற்புறுத்தினால் பள்ளி மாறும் என்பதற்கு இது சாட்சி.

தேர்வு மட்டும் போதாது

சந்தையைத் திறந்துவிட்டால் தரம் தானாக வந்துவிடும் என்று நினைக்கும் பள்ளித் தேர்வு ஆதரவாளர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. வராது. நியூயார்க் நகரப் பெற்றோர் மேல்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுத்த விண்ணப்பங்களை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வு, அவர்கள் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் பள்ளியைத் தேடுகிறார்களே தவிர, பிள்ளைகளை நன்றாகப் படிக்கவைக்கும் பள்ளியைப் பிரித்தறிவதில்லை என்று காட்டியது. இது பெற்றோரின் குறையல்ல. ஒரு பள்ளியின் உண்மையான பங்களிப்பைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்களுக்கே ஆண்டுக்கணக்கில் தரவு தேவைப்படுகிறது. எனவே பெற்றோர் எதைத் தேர்ந்தாலும் ஏமாறாதபடி தரத்துக்கு ஓர் அடித்தளம் போடுவது அரசின் கடமை.

அந்த அடித்தளம் இல்லாத இடங்களில் என்ன ஆனது என்று பார்க்கலாம். மிச்சிகனில் அனுமதி வழங்கும் அமைப்புகள் ஏராளம். ஓர் இடத்தில் மறுத்தால் இன்னோர் இடத்தில் கேட்கலாம். டெட்ராய்ட் சார்ட்டர்களில் பெரும்பாலானவற்றை இலாப நோக்கு நிறுவனங்கள் நிர்வகித்தன. அரிசோனா முதல் ஒப்பந்தத்தையே 15 ஆண்டுக்குக் கொடுத்தது. ஒஹாயோவின் எக்காட் என்ற இணையவழிச் சார்ட்டர், படிக்காத பிள்ளைகளுக்கும் பணம் வாங்கியதாகக் கண்டறியப்பட்டுக் கோடிக்கணக்கான டாலரைத் திருப்பித்தரச் சொல்லப்பட்டது. 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், பல்லாயிரம் மாணவர்களைத் தெருவில் விட்டு மூடியது. ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ ஆய்வு மையம் 2009-ல் கணக்கெடுத்தபோது, மாவட்டப் பள்ளியைவிட மேலான சார்ட்டர்கள் 17 சதவீதம். மோசமானவை 37 சதவீதம். அதே மையத்தின் 2023 அறிக்கையில் சராசரி சார்ட்டர் மாணவர் வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் அதிகமாகக் கற்றதாகத் தெரிந்தது. இணையவழிச் சார்ட்டர் மாணவர்களோ கணிதத்தில் 124 நாள் பின்தங்கினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் மோசமான பள்ளிகள் பல மூடப்பட்டன, நல்லவை பெருகின.

வவுச்சரின் கதை இன்னும் எச்சரிக்கையானது. லூசியானாவில் குலுக்கலில் வவுச்சர் வென்று தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகளின் கணித மதிப்பெண் முதல் ஆண்டிலேயே சுமார் 0.4 திட்ட விலக்கம் சரிந்தது. பாஸ்டன் சார்ட்டர் ஏற்றிய அளவுக்கு இது இறக்கியது. அப்படியிருந்தும் 2022-ல் அரிசோனா வருமான வரம்பே இல்லாமல் எல்லோருக்கும் கல்விக் கணக்கு என்ற பெயரில் பணம் கொடுக்கத் தொடங்கியது. 2025-ல் டெக்சாஸும் நூறு கோடி டாலரோடு அந்த வழியில் இறங்கியது. ஏற்கெனவே தனியார் பள்ளியில் படிக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அரசுப் பணம் கொடுப்பது பாலி வில்லியம்ஸ் தொடங்கிய போராட்டத்துக்கு நேர் எதிரானது.

பாஸ்டனின் வெற்றிக்கும் இந்தத் தோல்விகளுக்கும் நடுவே நிற்கிறது நியூ ஆர்லியன்ஸ். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நகரத்தை மூழ்கடித்த பிறகு, மாநில அரசு பெரும்பாலான பள்ளிகளை எடுத்துச் சார்ட்டர்களாக்கியது. துலேன் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் ஹாரிஸ் குழு, மதிப்பெண்ணும் பள்ளிப் படிப்பை முடிப்போர் விகிதமும் கல்லூரி சேர்வோர் விகிதமும் தெளிவாக உயர்ந்ததைக் காட்டியது. அதில் கணிசமான பங்கு, மோசமான பள்ளிகளை அரசு மூடியும் கைமாற்றியும் வந்ததால் கிடைத்தது. ஆனால் விலையும் பெரிது: 7,000க்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்கள் வேலை இழந்தார்கள். ஆசிரியர்களில் 71 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர் பத்தாண்டுக்குள் பாதிக்கும் கீழே போனார்கள். மதிப்பெண் கூடியது என்பதற்காக அந்த அநீதியை நியாயப்படுத்த முடியாது. 2018-ல் பள்ளிகள் உள்ளூர் வாரியத்தின் பொறுப்புக்குத் திரும்பின. 2024-ல் அந்த வாரியம் தானே நேரடியாக நடத்தும் ஒரு பள்ளியையும் திறந்தது. எல்லாமே சார்ட்டர் என்பதும் ஒரு நகரத்துக்கு ஏற்றதல்ல என்று நியூ ஆர்லியன்ஸ் தன் அனுபவத்திலேயே கண்டுகொண்டது.

2016-ல் நடந்ததும் இனி நடக்க வேண்டியதும்

இவ்வளவு சான்று இருந்தும் மாசசூசெட்ஸ் மக்கள் விரிவாக்கத்தை நிராகரித்தார்கள். 2016 நவம்பரில் வாக்குச்சீட்டின் இரண்டாம் கேள்வி, ஆண்டுக்குப் பன்னிரண்டு புதிய சார்ட்டர்களை அல்லது விரிவாக்கங்களை வரம்புக்கு வெளியே அனுமதிக்கலாமா என்று கேட்டது. அப்போது மாநிலமெங்கும் 30,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தார்கள். ஆளுநர் சார்லி பேக்கர் ஆதரித்தார். செனட்டர் எலிசபெத் வாரனும் பாஸ்டன் மேயர் மார்ட்டி வால்ஷும் எதிர்த்தார்கள். இரு தரப்பும் சேர்ந்து நான்கு கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. முடிவு, எதிர்ப்பு 62 சதவீதம், ஆதரவு 38. தோல்விக்கு ஆதரவாளர்களும் பொறுப்பு. நியூயார்க்கிலிருந்து பணம் கொண்டுவந்த ஒரு குழு, கொடையாளர்களின் பெயரை மறைத்ததற்காக மறு ஆண்டு 4.26 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. ஏழைப் பெற்றோரின் கோரிக்கையைப் பெயர் சொல்ல அஞ்சும் பணக்காரர்களின் காசில் நடத்தினால் மக்கள் நம்ப மாட்டார்கள்.

புறநகர் வாக்காளர்களுக்குச் சார்ட்டர் தேவைப்படவில்லை என்பதும் உண்மை. மாசசூசெட்ஸிலேயே, நகரத்துக்கு வெளியே உள்ள சார்ட்டர்கள் மதிப்பெண்ணை உயர்த்தவில்லை, சில இடங்களில் குறைக்கவும் செய்தன என்று 2013-ல் ஆங்ரிஸ்ட் குழு காட்டியிருந்தது. அவர்கள் வரையில் வேண்டாம் என்றது தவறில்லை. தவறு, தேவையுள்ள நகரத்துக்கும் சேர்த்து மாநிலம் முழுவதற்கும் ஒரே விடை கொடுத்தது.

ஆகவே மாநில சட்டமன்றம் பொது வாக்கெடுப்புக்குக் காத்திராமல் நான்கு காரியங்களைச் செய்யலாம். முதலாவது, மிகவும் பின்தங்கிய மாவட்டங்களில் மட்டும், சோதனையில் தேறிய அமைப்புகளுக்கு மட்டும், 18 சதவீத வரம்பை உயர்த்துவது. பாஸ்டனில் பள்ளி வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கையே குறைந்துவருவதால், புதிய கட்டடங்களைவிட, மூடவேண்டிய நிலையில் இருக்கும் பள்ளிகளை யூபி அகாடமி பாணியில் ஏற்று நடத்துவதற்கு முன்னுரிமை தரலாம். இரண்டாவது, மாவட்டப் பள்ளிக்கும் சார்ட்டருக்கும் ஒரே விண்ணப்பம். விண்ணப்பிக்கத் தெரியாத குடும்பத்துக்குத்தான் பயன் அதிகம் என்று ஆய்வு சொல்லும்போது, தனித்தனி விண்ணப்பங்களைத் தேடிப் போகச் சொல்வது அவர்களை வாசலிலேயே தடுப்பதாகும். மூன்றாவது, மாவட்டங்களுக்கான இழப்பீட்டை நிதிநிலை அறிக்கையின் தயவுக்கு விடாமல் முழுமையாகக் கொடுப்பது. நான்காவது, இலாப நோக்கு நிர்வாகத்தையும் முழுநேர இணையவழிச் சார்ட்டர்களின் விரிவாக்கத்தையும் தள்ளிவைத்து, இடைநீக்கக் கணக்கையும் விலகல் கணக்கையும் ஒப்பந்தப் புதுப்பிப்பின் நிபந்தனையாக்குவது.

ஆசிரியர் சங்கங்கள் இதை எதிர்க்கும். பணியிடம், சம்பளம் பற்றிய அவர்களின் கவலை நியாயமானது. சார்ட்டர் ஆசிரியர்களும் சங்கம் அமைக்கும் உரிமையை ஏற்று, பேச்சுவார்த்தைக்கு அழைப்பதே சரியான வழி. ஆனால் அந்தப் பேச்சுவார்த்தை முடியும்வரை பின்தங்கிய பள்ளியில் பிள்ளையைக் காத்திருக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. பள்ளிப் பருவம் பன்னிரண்டு ஆண்டுதான். மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தவறிய குழந்தைக்கு அரசியல் ஒருமித்த கருத்துக்காகக் காத்திருக்க நேரமில்லை.

பள்ளித் தேர்வு தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. யாருக்குக் கொடுக்கிறோம், எந்தப் பள்ளிகளை அனுமதிக்கிறோம், எவற்றை மூடும் துணிவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அது பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியாகவும் ஆகலாம், பாஸ்டனாகவும் ஆகலாம். பாஸ்டனின் சான்று முப்பது ஆண்டு உழைப்பில் கிடைத்தது; குலுக்கல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதிப்பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டும் வரம்பை உயர்த்தாமல் இருப்பது, எந்தப் பிள்ளைக்கு நல்ல பள்ளி என்பதை முகவரிக்கும் அதிர்ஷ்டத்துக்கும் விட்டுவிடுவதாகும். மாசசூசெட்ஸ் அந்த வரம்பை உயர்த்த வேண்டும்.